காசிச்செட்டியார் அமர்ந்த மன்று

(சைமன் காசிச்செட்டியார் நினைவு நாளில் சிலாபத்தில் ஆற்றிய உரை)



1860ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் சைமன் காசிச்செட்டியார் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 53. இத்தனை காலஞ் சென்றபின்னும் அவரை நம் தொழிலின் மூத்தவராக, நம் மன்றின் தலைமகனாக நினைத்துக் கூடியிருக்கிறோம். கற்பிட்டியில் 1807இல் பிறந்த அவர், சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாக அமர்ந்து வழக்குகளைக் கேட்டார். அந்த வரிசையில் வந்தவர்களே நாமும்.

அவர் நேரே நீதிபதி ஆசனத்தில் ஏறியவரல்லர். இருபது வயது நிறையுமுன்னரே புத்தளத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியேற்றவர். பின்னர் மணியகாரர், முதலியார் என உயர்ந்தார். 1834இல் இலங்கையின் ஊர்களையும் குடிகளையும் விவரிக்கும் பெருந் தொகுப்பை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது அவருக்கு 27 வயது. 1838 முதல் 1845 வரை சட்டநிரூபண சபையில் தமிழர் சார்பில் அமர்ந்தார். அது தேசாதிபதி அளித்த நியமனம். மக்கள் வாக்களித்து அனுப்பிய பதவியன்று. அரசியல் வேலை செய்யும் நாம் இதை மறைக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை 1859இல் 'தமிழ் புளூராக்' என்னும் பெயரில் அவர் ஆங்கிலத்தில் எழுதினார். தமிழில் எழுதியிருக்கலாகாதா என்று நமக்கு ஓர் ஆதங்கம் உண்டு. ஆயினும் 1841இல் 'உதயாதித்தன்' என்ற தமிழ் ஏட்டை நடத்திப் பார்த்தவரும் அவரே. அது நீடிக்கவில்லை. தமிழ் ஏடு நடத்திக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் இந்தச் சபையிலும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காரணம் விளங்கும்!

நிற்க. நாம் அவரிடம் பெரிதாக மதிப்பது அந்த முதற் பணியையே. சாட்சிக் கூண்டுக்கும் நீதிபதிக்கும் நடுவே நிற்பவன் மொழிபெயர்ப்பாளன். அவன் நா தவறினால் வழக்குத் தவறும்.

சில ஆண்டுகளுக்கு முன், இக்கரையோரத்தில் ஒரு மன்றில், முதிய மீனவர் ஒருவருக்காக நாம் தோன்றினோம். கரைவலை வளைக்கும் உரிமை பற்றிய வழக்கு. "இது எங்கள் அப்பன் காலத்துப் பாடு, ஐயா" என்றார் அவர். கரைவலை இழுக்கும் கடலிடத்துக்கு இங்கு 'பாடு' என்று பெயர். மொழிபெயர்த்தவரோ கடலறியாதவர். 'எங்கள் தந்தை காலத்துத் துன்பம்' என்று சிங்களத்தில் சொன்னார். உரிமை கோரி வந்தவர், பதிவேட்டில் துயரம் சொல்லி அழுதவராகிவிட்டார். நாம் எழுந்து மறுத்தோம், திருத்தமும் பெற்றோம். ஆனால் சட்டத்தரணி வைக்க வசதியற்றவனுக்காக எவர் எழுவார்? கற்பிட்டிப் பிள்ளையான காசிச்செட்டியார் அங்கு நின்றிருந்தால், அந்தச் சொல்லில் தடுமாறியிருக்கமாட்டார். பரவர் குலத்தின் வரலாற்றை ஆராய்ந்து 1837இலேயே எழுதியவரல்லவா அவர்!

1961இல் சிங்களம் நீதிமன்ற மொழியாக்கப்பட்டது. 1987இல் 13ஆம் திருத்தத்தால் தமிழும் ஆட்சிமொழியாயிற்று. எனினும் வடக்குக் கிழக்குக்கு வெளியேயுள்ள இந்த வடமேல் மாகாணத்தில் வழக்கு நடப்பது பெரும்பாலும் சிங்களத்தில். அம்மொழி விளங்காதவருக்கு மொழிபெயர்ப்புப் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தருகிறது. அது சலுகையன்று, உரிமை. உடப்பு மீனவரும் புத்தளத்து முஸ்லிம் விவசாயியும் அதைக் கேட்கத் தயங்குவது ஏன்? கேட்டால் தவணை போய்விடும், மறுபடியும் பஸ் ஏறி வரவேண்டும், ஒருநாட் கூலி போகும் என்ற அச்சமே. அந்த அச்சம் வீணென்று நாம் சொல்லமாட்டோம். மொழிபெயர்ப்பாளர் வராமல் தவணை போன வழக்குகளை நாமே கண்டிருக்கிறோம்.

ஆகவே, ஒரு சிறு வேலையைத் தொடங்கியுள்ளோம். கடல், வலை, வயல், உப்பளம், தென்னந்தோட்டம் ஆகியவற்றில் இப்பகுதி மக்கள் வழங்கும் சொற்களைத் திரட்டி, நேரான சிங்களச் சொற்களுடன் ஒரு கையேடாக அச்சிட்டு, ஒவ்வொரு நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரிடமும் கொடுக்கப்போகிறோம். சட்டம் படித்த நம்மிடம் அச்சொற்கள் இல்லை, உங்களிடம் இருக்கின்றன. வாயிலில் நண்பர்கள் குறிப்பேட்டுடன் அமர்ந்திருக்கிறார்கள். வீடு திரும்புமுன் ஆளுக்குப் பத்துச் சொல் சொல்லிப் போங்கள். முதற் பக்கத்தில் 'பாடு' ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது.