மாறுகிறதா, மாற்றுகிறோமா? பருவநிலைக் கருத்தாய்வும் தமிழ்ச் சொற்களும்



பருவநிலை மாற்றம் குறித்து மக்கள் என்ன எண்ணுகின்றனர் என்பதை அறியக் கருத்தாய்வுகள் நடத்தப்படுகின்றன. நான்கு அதிகாரத்துவ மொழிகள் வழங்கும் சிங்கப்பூரில், ஒரே வினாவை வெவ்வேறு மொழிகளில் கேட்க நேரும். அவ்வினா தமிழுக்கு வரும்போது, வினவப்படும் பொருளே மாறிவிடக்கூடும். இதனை மூன்று சொற்களின் வழியே காண்போம்.

முதலாவது, 'நம்புதல்'. 'பருவநிலை மாற்றத்தை நம்புகிறீர்களா?' என்பது ஆங்கில வினாவின் நிழல். தமிழில் நம்பிக்கை பெரும்பாலும் இறைவனிடத்தும் உற்றாரிடத்தும் வைப்பது. மாந்தர் செயலால் வளிமண்டலமும் கடலும் நிலமும் வெப்பமடைந்துள்ளன என்பதில் ஐயமில்லை என்று, ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் பருவநிலை அறிவியல் குழு 2021இல் அறிவித்தது. சான்றுகளால் நிறுவப்பட்டதை 'ஏற்கிறீர்களா?' எனக் கேட்பதே பொருந்தும்.

இரண்டாவது, 'கவலை'. 'கன்சர்ன்' என்னும் ஆங்கிலச் சொல் கவலை, அக்கறை இரண்டையும் குறிக்கும். தமிழில் இவை வேறு. கவலை உள்ளத்தை வருத்தும்; அக்கறை செயலுக்குத் தூண்டும். 2023 ஜூலை முதல் இங்குள்ள பெரிய பேரங்காடிகளில் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு செலுத்துகிறோம். அதற்கு நெடுங்காலம் முன்பே துணிப்பையுடன் கடைக்குச் சென்ற பாட்டியைக் கேட்டால், 'எனக்கென்ன கவலை?' என்று சொல்லக்கூடும். அவரை அக்கறையற்றோர் பட்டியலில் சேர்ப்பது தகுமா? மிகவும் கவலைப்படுவதாகச் சொல்பவர், குளிரூட்டியை நாளெல்லாம் ஓடவிடவும் கூடும்.

மூன்றாவது, 'மாற்றம்'. மாறு என்பது தன்வினை. மாற்று என்பது பிறவினை. மாற்றம் என்னும் பெயர்ச்சொல்லோ இரண்டிற்கும் பொதுவாய் நின்று, செய்தவரை மறைத்துவிடுகிறது. 'பனி உருகுகிறது', 'கடல்மட்டம் உயர்கிறது' என்றே எழுதிப் பழகியுள்ளோம். உருக்குவது யார், உயர்த்துவது யார் என்னும் வினா எழுவதேயில்லை. சிங்கப்பூர் நிலப்பரப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு, சராசரிக் கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் உள்ளது. இத்தகைய நாட்டில் எழுவாயைத் தேடுவது வெறும் இலக்கணப் பயிற்சியாகாது.

தேடினால் கிடைக்கும் எழுவாய் எப்போதும் ஒன்றாய் இராது. ஓரிடத்தில் அது பெருந்தொழிற்சாலை; இன்னோரிடத்தில் வளம் மிகுந்த நாடு; மற்றோரிடத்தில் நம் வீடு. சிங்கப்பூரில் கரிம வரி 2019இல் டன்னுக்கு 5 வெள்ளியாகத் தொடங்கி, 2024இல் 25 வெள்ளியாயிற்று. அதனை நேரே செலுத்துவோர் பெருமளவில் கரிமம் வெளியிடும் ஆலைகளே. பொறுப்பின் அளவு வேறுபடும். ஆயினும் எவரும் முற்றிலும் விலகி நிற்க இயலாது.

கேட்போரையும் உளப்படுத்தும் 'நாம்', அவரை விலக்கும் 'நாங்கள்' என்னும் வேறுபாடு தமிழுக்கு வாய்த்த நல்வளம். ஆசிரியர்கள் ஒரு செய்தியறிக்கையை வகுப்பில் தந்து, அதன் தன்வினைகளைப் பிறவினைகளாக்கச் சொல்லலாம். மாணவர்கள் ஒவ்வொரு வாக்கியத்திற்கும் எழுவாயைத் தேடட்டும்; 'நாம்' என்று எழுதுமிடத்தில் யார் யார் அடங்குவர் என வாதிடட்டும். அவ்வாறு பயின்றோர் நாளை கருத்தாய்வு வினாக்களை வகுக்கும்போது, தமிழ் மக்களின் உள்ளக்கிடக்கை பிழையின்றிப் பதிவாகும்.