புதைக்கும் முன் படிப்போம்

1887-இல் சிங்கப்பூரில் தொடங்கிய ‘சிங்கை நேசன்’ இதழை நாம் இன்றும் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவோம். நம் வீட்டு அலமாரியில் துணி சுற்றி வைத்திருக்கும் பழைய ஏடுகளை?

அரபு எழுத்தைக் கண்டதும் ஓதும் கிதாபு என்று முத்தமிட்டு மேலே வைத்துவிடுகிறோம். இற்றுப்போனால் மண்ணில் புதைக்கிறோம். அதில் இருப்பது அரபுத்தமிழாகவும் இருக்கலாம்: எழுத்து அரபு, பேச்சு தமிழ். அரபியில் இல்லாத ப, ட, ழ ஒலிகளுக்காக முன்னோர் அரபு எழுத்துகளில் புள்ளியும் குறியும் கூட்டினார்கள். முதலில் அவற்றைத் தேடுவோம். பிறகு வாய்விட்டுப் படிப்போம். கண்ணுக்குப் பிடிபடாதது காதுக்குப் பிடிபடும். பாட்டனாரின் கடிதமாகவோ உம்மும்மாவின் மருந்துக் குறிப்பாகவோ அது இருக்கலாம்.

படிக்கத் தெரிந்த மூத்தவர்கள் குறைந்து வருகிறார்கள். ஏட்டை அவர்களிடம் கொண்டுபோவோம். பக்கத்தில் பிள்ளைகளையும் உட்கார வைப்போம்.