ஸ்க்ரூஜைத் திருத்தியது பயமா?

சார்லஸ் டிக்கன்ஸின் ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ 1843 டிசம்பரில் லண்டனில் வெளிவந்தது. எபனேசர் ஸ்க்ரூஜ் என்ற மகா கருமியை ஒரே ராத்திரியில் ஆவிகள் ஆட்டிவைக்க, விடிந்ததும் அவன் வள்ளலாகிவிடுகிறான். பேய்க்குப் பயந்து திருந்தியவன் என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிடுகிறோம். நான் அதை ஒப்பமாட்டேன். பயம்தான் மருந்தென்றால் மார்லி ஒருவனே போதுமே! ஏழு வருஷத்துக்கு முன் செத்த கூட்டாளி, பணப்பெட்டியும் சாவியும் பேரேடும் கோத்த சங்கிலியை இழுத்துக்கொண்டு எதிரே நிற்கிறான். ஸ்க்ரூஜ் நடுங்கத்தான் செய்கிறான். ஆனாலும், இன்னும் மூன்று ஆவிகள் வரும் என்றதும், மூன்றையும் ஒரே தடவையில் முடித்துக்கொள்ளலாமா என்று பேரம் பேசுகிறான்! வியாபாரி புத்தி பயத்திலும் போகவில்லை.

அந்தப் புத்தி அசைவது வேறோர் இடத்தில். முதல் ஆவி அவனுடைய பழைய பள்ளிக்கூடத்தைக் காட்டுகிறது. விடுமுறைக்கு மற்றப் பிள்ளைகளெல்லாம் வீட்டுக்குப் போய்விட, அழைத்துப்போக ஆளில்லாமல் ஒரு சிறுவன் தனியே உட்கார்ந்து படிக்கிறான். அது தான்தான் என்று கண்டு ஸ்க்ரூஜ் அழுகிறான். அழுத கையோடு, முந்தின மாலை தன் வாசலில் பாட வந்து, தான் விரட்டியடித்த பையனின் ஞாபகம் வருகிறது. ஏதாவது கொடுத்திருக்கலாமே என்கிறான். பழைய முதலாளி ஃபெஸிவிக் வைத்த விருந்தைப் பார்த்ததும், தன் குமாஸ்தாவிடம் இரண்டு வார்த்தை பேசத் தோன்றுகிறது. வாரம் 15 ஷில்லிங் சம்பளக்காரன் அந்தக் குமாஸ்தா; கரிப்பெட்டி முதலாளியின் அறையில் இருப்பதால் மெழுகுவத்தியில் குளிர்காயப் பார்ப்பவன். இத்தனைக்கும் பிறகுதான் மூன்றாம் ஆவி காட்டும் அவனுடைய கல்லறை வருகிறது. அங்கேதானே திருந்துவதாகச் சத்தியம் செய்கிறான் என்பீர்கள். உண்மை. ஆனால் கல்லறையைக் காணுமுன்பே, மூன்றாம் ஆவியிடம், வேறு மனிதனாக வாழ நினைக்கிறேன், நன்றியோடு உன்னுடன் வருகிறேன் என்று அவன் சொல்லிவிட்டானே!

ஒரு பணக்காரன் மனம் மாறினால் லண்டனின் வறுமை தீர்ந்துவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். டிக்கன்ஸும் அதை அறியாதவரல்ல. 12 வயதில், தந்தை கடனுக்காக மார்ஷல்சீ சிறையில் கிடக்க, அவர் பூட்ஸ் பாலிஷ் தொழிற்கூடத்தில் வேலைபார்த்தவர். குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றி 1843-இல் வந்த அரசு அறிக்கையைப் படித்துவிட்டுத் துண்டுப்பிரசுரம் எழுதத் திட்டமிட்டவர். அதற்குப் பதிலாக எழுதியதே இந்தக் கதை. 1834-ஆம் வருஷத்து ஏழைகள் சட்டம், கதியற்றவர்களை விடுதிகளில் அடைத்து வேலை வாங்கியது. நன்கொடை கேட்டு வந்தவர்களிடம் ஸ்க்ரூஜ் காட்டுவதும் அந்த விடுதிகளையும் சிறைகளையும்தான்; வரி கட்டியாயிற்று, நம் கடமை தீர்ந்தது என்கிற ஆசாமி. அப்படி நினைக்கும் கனவான்கள் நிறைந்த ஊரில் அந்தச் சட்டத்தை யார் திருத்துவது? அதனால்தான் திருந்திய ஸ்க்ரூஜ் குமாஸ்தா வீட்டுக்கு வான்கோழி அனுப்பியதைவிட மறுநாள் அலுவலகத்தில் செய்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். வான்கோழி தர்மக்கணக்கு. குமாஸ்தாவுக்குச் சம்பளத்தை உயர்த்தியது அந்தக் கணக்கில் சேராது. உழைத்தவனுக்கு வருஷக்கணக்கில் நிறுத்திவைத்திருந்த பாக்கி அது. அடுத்த எழுத்துக்குப் புள்ளி வைக்குமுன் இன்னொரு கரிவாளி வாங்கி வா என்றும் அவனிடம் சொல்கிறான்.