அது வெறும் வாய்வு அல்ல

(நூற்றாண்டு விழாவில், மருத்துவத் துறையிலுள்ள பழைய மாணவிகள் சார்பில் ஆற்றிய உரை)



ஐசக் பஷேவிஸ் சிங்கர் எழுதிய கதையொன்றில் யென்டில் என்றொரு பெண் வருகிறாள். வேதம் படிப்பதற்காக ஆண்வேடம் பூண்டவள் அவள். 1991ஆம் ஆண்டு அமெரிக்க இருதயநோய் நிபுணர் பேர்ணடின் ஹீலி, மருத்துவ சஞ்சிகையொன்றில் எழுதிய கட்டுரைக்கு அவள் பெயரையே சூட்டினார். பெண்ணின் நோய் ஆணின் நோயைப் போலத் தோன்றினால்தான் அவளுக்கும் ஆணுக்குரிய சிகிச்சை கிடைக்கிறது என்பதே அவர் சொன்ன குறை.

வேடம் பூணாமலே படிப்பதற்கு எமக்கு இப்பாடசாலை வாய்த்தது. எமது இருதயத்துக்கு அந்த நீதி இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை.

மாரடைப்பில் நெஞ்சுநோ இருபாலாருக்கும் பொதுவானது. ஆனால் பெண்களிடம் அதனோடு மூச்சுவாங்கல், ஓங்காளம், முதுகு அல்லது தாடை நோ, என்றுமில்லாத களைப்பு என்பனவும் கூடுதலாகக் காணப்படுகின்றன. சிலவேளை நெஞ்சுநோ இல்லாமலே இவை வரும். வீட்டில் இதை 'வாய்வு' என்கிறோம். வைத்தியசாலையில் 'மனப்பதற்றம்' என்றும் சொல்லப்படுவதுண்டு. பெண்கள் பிந்தி வருவதையும், வந்த பின்னும் அடைப்பு நீக்கும் சிகிச்சை தாமதமாவதையும் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. அடைபட்ட நாளத்தை நம்பியிருக்கும் இருதயத்தசை, கழியும் ஒவ்வொரு நிமிடமும் இறந்துகொண்டிருக்கும்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி இரவு முழுவதும் இஞ்சித் தண்ணீர் குடித்துச் சமாளித்தாள். காலையில் பிள்ளைகளுக்குச் சமைத்து வைத்துவிட்டே வைத்தியசாலைக்குப் புறப்பட்டாள். அவள் திரும்பி வரவில்லை. முதல்நாள் இரவு எங்களோடு தொலைபேசியில் பேசியபோது, வைத்தியம் படித்த நாங்களும் "வாய்வாக்கும், படுத்து எழும்பு" என்றுதான் சொன்னோம். அந்தப் பிழை எங்களுடையது. அதனாலேயே இன்று இதைப் பேசுகிறோம்.

நீரிழிவு, உயர் குருதியமுக்கம் உள்ளவர்களும், கர்ப்பகாலத்தில் குருதியமுக்கம் ஏறியவர்களும், மாதவிடாய் நின்றவர்களும் கூடிய கவனமாக இருங்கள். இத்தகைய உபாதை சில நிமிடங்களில் அடங்காவிட்டால் 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசமானது. வைத்தியசாலையில், "இது இருதயமாக இருக்குமா? இ.சி.ஜி. எடுப்பீர்களா?" என்று கேளுங்கள். முதல் இ.சி.ஜி. சரியாக இருந்தாலும் மாரடைப்பு இல்லையென்று முடிவாகாது. ட்ரொபோனின் குருதிப் பரிசோதனை பற்றியும் கேளுங்கள்.

சமையல் காத்திருக்கட்டும். எழுந்து நின்று கேள்வி கேட்க இந்த மண்டபத்தில்தான் பழகினோம். எமது உயிருக்காகவும் அப்படிக் கேட்போம்.