கழற்றிய கூட்டை மாட்டுங்கள்



ஒரு தோட்டத்து ஸ்டோரில் நடந்ததைச் சொல்றேன். ரோலருக்குக் கிரீஸ் போட, பெல்ட்டை மூடியிருந்த கம்பிக் கூட்டை ஒரு தம்பி கழற்றினார். கொழுந்து குவிந்து கிடந்த அவசரம், திரும்ப மாட்டவில்லை. அன்றிரவு சிந்திய இலையைக் கூட்டப் போன இன்னொருவருக்கு இரண்டு விரல் போயிட்டுது. “அஞ்சு நிமிச வேலைதானே ஐயா” என்று அந்தத் தம்பி பிறகு அழுதார்.

ஆபத்தான மிஷின் பாகத்துக்குக் காப்புப் போடுவது நிர்வாகத்தின் கடமை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் அதைத்தான் சொல்லுது. அந்தக் காப்பில் வேண்டுமென்றே கைவைக்கக் கூடாது என்று நமக்கும் சொல்லுது.

விபத்தால் மூன்று நாளுக்கு மேல் சம்பளம் இழந்தால், தொழிற்சாலைப் பரிசோதனை அதிகாரிக்கு நிர்வாகம் அறிவிக்க வேணும். சின்னக் காயம்தானே என்று பேசாமல் வீட்டில் படுக்காதீங்க. பிறகு நட்டஈடு கேட்கப் போனால் கையில் ஒரு துண்டுக் கடிதாசியும் இருக்காது.

சல்லடை மிஷினில் நிற்கும் அக்காமார் முந்தானையை இறுகச் செருகுங்க. கூடு இல்லாத பெல்ட்டைக் கண்டால் டீமேக்கர் ஐயாவிடம் சொல்லுங்க. அவர் கேட்காவிட்டால் தலைவரையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வாங்க.