கென்யா நாட்டுத் தேயிலை



நாள்தோறும் தேநீர் அருந்தும் நாம், தேயிலையை விளைவிப்போரைப் பற்றி எண்ணுவது அரிது. இன்று கருப்புத் தேயிலை ஏற்றுமதியில் உலகில் முதலிடம் பெற்றுள்ளது கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள கென்யா. அந்நாட்டு உழவர்களின் வரலாறு நாம் அறியத் தக்கது.

1903 ஆம் ஆண்டில், நைரோபி நகருக்கு அருகிலுள்ள லிமுருவில், வெள்ளையர் குடியேறிய நிலத்தில் இந்திய விதையிலிருந்து முதல் தேயிலைச் செடி முளைத்தது. 1920களில் கெரிச்சோ மலைநாட்டில் ஆங்கிலக் கம்பெனிகளின் பெருந்தோட்டங்கள் எழுந்தன. நிலநடுக்கோட்டையொட்டிய மேட்டு நிலம் ஆதலின், அங்கே ஆண்டு முழுவதும் கொழுந்து கிள்ளலாம். ஆயினும், அம்மண்ணின் மைந்தர்கள் தோட்டங்களில் கூலிக்குக் கொழுந்து பறிக்கலாமேயன்றி, தம் நிலத்தில் தேயிலை பயிரிட நெடுங்காலம் இடம் தரப்படவில்லை.

அத்தடை 1950களில் தளர்ந்தது. 1963இல் நாடு விடுதலை பெற்றது. எனினும், ஓர் ஏக்கருக்கும் குறைந்த நிலமுடைய உழவர் தனித்து என்ன செய்ய இயலும்? பறித்த கொழுந்து விரைவில் ஆலை சேராவிடில் கெட்டுவிடும். ஆலை அமைக்கவோ அவரிடம் பொருளில்லை. இக்குறையைப் போக்க 1964இல் தேயிலை வளர்ச்சி ஆணையம் தோன்றியது. நாற்று வழங்கிற்று, ஊர்தோறும் கொழுந்து வாங்கும் நிலையங்களை அமைத்தது, ஆலைகளையும் எழுப்பிற்று. 2000 ஆம் ஆண்டில் அவ்வமைப்பு அரசின் கையினின்றும் நீங்கி, உழவர்களைப் பங்குதாரராகக் கொண்ட ஆலைக் கம்பெனிகளின் உடைமையாயிற்று. இன்று ஏறத்தாழ ஆறு இலட்சம் சிறு உழவர்கள் நாட்டின் தேயிலையில் பாதிக்கு மேல் விளைவிக்கின்றனர்.

ஆனால், உழவரின் கவலை ஒழிந்ததா? இல்லை. தேயிலையின் பெரும்பகுதி மொம்பாசா துறைமுக நகரில் டாலர் விலையில் ஏலம் போகின்றது. பாகிஸ்தான், எகிப்து, பிரிட்டன் முதலிய நாடுகளுக்கு மூட்டை மூட்டையாகக் கப்பலேறிச் செல்கின்றது. பிற நாட்டுத் தேயிலையுடன் கலந்து, அழகிய பொட்டலமாக்கி, பெயர் சூட்டி விற்போர் வேறொருவர். இலாபத்தின் பெரும்பங்கும் அவர்களுக்கே. ஏல விலை சரிந்தால், உழவர் எதிர்பார்த்திருக்கும் ஆண்டிறுதித் தொகை குறைகின்றது. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் கேள்விக்குறியாகின்றது.

தனித்து இயலாதது கூடி இயன்றது. பயிரிடும் உரிமை கைகூடிற்று. உழைப்புக்கேற்ற விலை பெறும் உரிமையே இனி எஞ்சியுள்ளது. பிறந்த ஊரை விட்டு வந்து, கூடி வாழச் சங்கம் கண்ட நமக்கு அவ்வுழவரின் முயற்சி அயலானதன்று. கூட்டம் முடிந்ததும் நம் கைக்கு வரும் தேநீரை அருந்துகையில், கொழுந்து கிள்ளிய கைகளையும் ஒரு கணம் நினைப்போமாக.