கணக்குப் புத்தகத்துக்கு இன்னொரு பிரதி

(மும்பையில் சிறு தொழில் நடத்தும் அங்கத்தினர்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரை)



கம்ப்யூட்டர் பற்றிய பேச்சு என்றதும் பின்வரிசையில் ஓரிருவர் கடிகாரத்தைப் பார்த்ததை கவனித்தேன். பயப்பட வேண்டாம், சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஆடிட்டர் ஆபீஸ், கேட்டரிங், டிராவல்ஸ், பூஜை சாமான் கடை என்று பலவிதமான தொழில் செய்பவர்கள் இங்கே இருக்கிறீர்கள். எல்லோரிடமும் நான் கேட்பது ஒன்றுதான். நாளைக் காலையில் கதவைத் திறக்கும்போது மேஜைமேல் கம்ப்யூட்டர் இல்லையென்றால், யார் யார் உங்களுக்கு எவ்வளவு பாக்கி என்று எதைப் பார்த்துச் சொல்வீர்கள்?

2005 ஜூலை 26-ஐ நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. சி.டி.யில் பிரதி எடுத்து, அதைக் கம்ப்யூட்டர் மேஜையின் கீழ் டிராயரிலேயே வைத்திருந்தவருக்கும், பிரதியே எடுக்காதவருக்கும் அன்று ஒரு வித்தியாசமும் இல்லை. தீ, திருட்டு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர் பிரபலப்படுத்திய 3-2-1 என்று ஒரு கணக்கு உண்டு. மூலத்தையும் சேர்த்து மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில். மூன்றும் இரண்டும் முடியாவிட்டாலும் அந்தக் கடைசி ஒன்றை விடாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். ஆபீஸ் ஃபோர்ட்டில், வீடு டோம்பிவிலியில் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான். வெளியில் இணைக்கும் ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள். சில ஆயிரம் ரூபாய்தான் ஆகும். ஒன்று ஆபீஸில், மற்றது வீட்டில். வெள்ளிக்கிழமைதோறும் மாற்றிக்கொள்ளுங்கள். கீழே கடை, மாடியில் வீடு என்று இருப்பவர்கள் ஒன்றை மைத்துனர் வீட்டில் கொடுத்து வையுங்கள். டிஸ்க்குக்குப் பாஸ்வேர்ட் போட்டுவிட்டுக் கொடுங்கள், மைத்துனர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பிரதி எடுத்தவுடன் டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். சிலர் அதை வருஷம் முழுவதும் சொருகியே வைத்திருக்கிறார்கள். 2017 மே மாதம் 'வான்னாக்ரை' சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது நினைவிருக்கலாம். அந்த மாதிரி வைரஸ்கள் இணைத்திருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

"எங்களுடையது எல்லாம் கூகுள் டிரைவில் இருக்கிறதே" என்று சொல்வார்கள். நல்லதுதான், ஆனால் அது கண்ணாடி மாதிரி. ஆபீஸ் பையன் இங்கே ஒரு ஃபோல்டரை அழித்தால் அங்கேயும் அழியும். 30 நாட்கள் அங்குள்ள குப்பைத் தொட்டியில் கிடக்கும், பிறகு போய்விடும். நாம் வருஷக் கடைசியில்தானே பழைய ஃபோல்டரைத் தேடுவோம்! ஆகவே அதைக் கூடுதல் பிரதியாக வைத்துக்கொள்ளுங்கள், அதை மட்டுமே நம்பாதீர்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பிரதி எடுப்பது பாதி வேலை. அது திறக்கிறதா என்று பார்ப்பதுதான் மீதி. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற பெரிய மென்பொருள் நிறுவனத்தில் ஒரு ஊழியர் தவறுதலாகத் தகவல் தொகுப்பை அழித்துவிட்டார். ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடுகள் வைத்திருந்தும், ஒன்றுமே சரியாக வேலை செய்யவில்லை என்று அவர்களே எழுதினார்கள். முந்தைய ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்த பிரதிதான் காப்பாற்றியது. அவர்களுக்கே அந்த கதி!

ஆகையால் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது திறந்து பாருங்கள். டேலி வைத்திருப்பவர்கள் ஒன்றை கவனிக்க வேண்டும். நடப்புக் கணக்கு இருக்கும் இடத்திலேயே பழைய பிரதியை ரீஸ்டோர் செய்தால், இன்றைய பதிவுகளின் மேல் பழையவை உட்கார்ந்துவிடும். தனி ஃபோல்டர் ஒன்று உண்டாக்கி, முடிந்தால் வேறு கம்ப்யூட்டரில், அங்கே ரீஸ்டோர் செய்யுங்கள். பிரதி எடுத்த அன்றைய கடைசி வவுச்சர் நம்பர், கையிருப்பு ரொக்கம் இரண்டையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால் ஒத்துப்பார்க்க ஐந்து நிமிஷம் போதும்.

டேலியில் 'வால்ட்' பாஸ்வேர்ட் போட்டிருப்பவர்கள், அது மறந்தால் கணக்கைத் திறக்க வழியில்லை என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம்மில் பலர் தனி ஆளாகத் தொழில் நடத்துகிறோம். எல்லா பாஸ்வேர்டும் தலைக்குள்ளேயே இருக்கிறது. திடீரென்று ஆஸ்பத்திரியில் படுத்தால், மாமியோ பிள்ளையோ வசூலிக்க வேண்டிய பாக்கியைக்கூடத் தெரிந்துகொள்ள முடியாது. கடன் கொடுத்தவர்கள் மட்டும் தவறாமல் வந்துவிடுவார்கள். பாஸ்வேர்டுகளையும் டிஸ்க் இருக்குமிடத்தையும் ஒரு காகிதத்தில் எழுதி, கவரில் ஒட்டி, பாங்க் லாக்கரில் வையுங்கள். வீட்டில் ஒருவருக்காவது சொல்லுங்கள். பாஸ்வேர்டை மாற்றும்போது காகிதத்தையும் மாற்றுங்கள்.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜி.எஸ்.டி. கணக்குகளை, அந்த வருஷத்து ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கெடுவிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும். கணக்கை கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் கம்பெனியாக இருந்தால், தினமும் இந்தியாவிலுள்ள சர்வரில் பிரதி எடுக்க வேண்டும் என்று 2022-இல் விதியைத் திருத்தியிருக்கிறார்கள். டிஸ்க் கெட்டுவிட்டது என்றால் அதிகாரி ஒப்புக்கொள்வார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கேட்டரிங் நடத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. முகூர்த்த ஆர்டர், வாங்கிய அட்வான்ஸ் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. லோக்கல் டிரெயினில் போன் பறிபோனால் தை மாசத்து ஆர்டர் யாருடையது என்றே தெரியாமல் போகும். அன்றன்றைக்கு அவற்றை எக்ஸெல்லிலோ ஒரு நோட்டிலோ ஏற்றிவிடுங்கள். நோட்டைக் கேவலமாக நினைக்க வேண்டாம், அதற்குப் பாஸ்வேர்ட் வேண்டியதில்லை.

காபி வருவதற்குப் பத்து நிமிஷம் இருக்கிறது. சந்தேகங்களைக் கேளுங்கள்.